சாய்ந்து போகும் விரல்

ராக்காயி சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பித்தால் மணி நாலரை என்று பக்கத்து வீட்டு நவமணிக்குத் தெரிந்துவிடும். ரப்பர் தோட்டத்து லயத்தில், வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த குழாயடியில் குந்திக்கொண்டு முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு விரல் விரலாக நகக்கண் வரைக்கும் தேய்ப்பாள். சவுக்காரம் என்று ஒன்று இருந்ததே லயத்துப் பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்த காலம் அது. கழுவிய கையை மோந்து பார்ப்பாள். பால்மரம் வெட்டிய காலத்து ஒட்டுப்பால் வாடை இன்னும் அடித்தால் மறுபடியும் சாம்பல். இடுப்பில் சுற்றியிருக்கும் சாக்கில் ஈரத்தைத் துடைக்கமாட்டாள். சாக்கில் துடைத்தால் கழுவியது அத்தனையும் வீண் என்பது அவள் கட்சி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் காயவிட்டபடியே வீட்டுக்கு நடப்பாள்.

“என்னாக்கா, யார அடிக்கப் போறீங்க?” என்று நவமணி கேட்பாள். தினமும் கேட்பாள்.

“புத்தகம் எடுக்கப் போறேன். நீ ஒன் கெழங்கப் பாரு. அடிப்புடிக்குது.”

மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்தது, மத்தியானம் இடித்தது, சாயங்காலம் மறுபடி அவித்தது என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அரிசி எப்போதாவது வரும். வந்தால் சுண்ணாம்பு நாற்றத்தோடு வரும்.

புத்தகம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. சப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை ராவோடு ராவாக ஓடிப்போன மறுநாள், தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. ஒருவன் நாற்காலி தூக்கினான், ஒருவன் திரைச்சீலையைக் கிழித்தான், கங்காணி வீட்டுக்குக் குளிக்கிற தொட்டியே போய்ச் சேர்ந்தது. ராக்காயியின் புருஷன் குழந்தைவேலு குப்பையில் கிடந்த ஒரு காலி டின்னை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். “ஒலகமே கட்டில் மெத்தைன்னு தூக்கிட்டுப் போவுது, எம்புருசன் தகர டப்பாவத் தூக்கிட்டு வருது,” என்று அன்றைக்கு ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். “பூச்சி அரிக்காதுல்ல புள்ள. பாப்பா புத்தகத்துக்கு,” என்றான் அவன்.

பாப்பா என்றால் குணவதி. ஒரே பிள்ளை, ஆறு வயது. முழங்கால் இரண்டிலும் சொறி, தலை செம்பட்டை. டின்னைத் திறக்கிற உரிமை அவளுடையது. புத்தகத்தை எடுக்கிற உரிமை ராக்காயியுடையது.

மலாய் நாட்டில் பாலிங் போகிற சாலையிலிருந்து இரண்டு கட்டை தூரம் உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தோட்டம். சண்டைக்கு முன்பு அங்கே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. ஒரே அறை, ஒரே வாத்தியார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பன் ஆத்தாமார்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். யாராவது வேலியை உடைத்துவிட்டார்களோ என்று பயந்துகொண்டுதான் எல்லாரும் போனார்கள். வாத்தியார் சொன்னது வேறு. “எழுத்த நான் காட்டுறேன். அது பிள்ளைக்கு ஒட்டணும்னா வீட்ல கதை வாசிக்கணும். பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, அது விரலப் புடிச்சு எழுத்து மேல வச்சு வாசிங்க. பள்ளிக்கூடத்துக்கு வர்ற வயசு ஆவட்டும்னு காத்திருக்க வேணாம்.” இதைச் சொல்லிவிட்டு, வந்தவர்களில் எழுத்துத் தெரிந்த நாலு பேருக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தார். அந்த நாலில் ஒருவன் குழந்தைவேலு. ஊரில் மூன்றாவது வரை படித்துவிட்டுக் கப்பல் ஏறியவன்.

ராக்காயி பின்வரிசையில் இருந்து எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவள் எழுந்து நின்று கேள்வி கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். “எழுத்துத் தெரியாத பொம்பளைங்க என்னாங்க செய்யிறது?”

“கிட்ட உக்காந்து கேளுங்கம்மா. நீங்க கேக்குறத பிள்ள பாக்கும்ல,” என்றார் வாத்தியார்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குழந்தைவேலு மகளை மடியில் வைத்து வாசிக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள், உளி தீட்டிக்கொண்டு கேட்டாள், காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டாள். புத்தகத்தில் இருந்த மூன்று கதையில் பிள்ளைக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், சிங்கத்தின் கதை. இரண்டு வருஷத்தில் அது ராக்காயிக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆகிவிட்டது. புத்தகத் தமிழில், சொல் பிசகாமல், எங்கே மூச்சு விடுவது என்பது உள்பட.

பெரிய காடு. அதில் ஒரு சிங்கம். பசித்தாலும் கொல்லும், பசிக்காவிட்டாலும் கொல்லும். மிருகங்கள் கூடிப் பேசின. நாளைக்கு ஒருவராக நாங்களே வருகிறோம், முறை வைத்து வருகிறோம், மற்றவர்களை விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டன. சிங்கம் சரி என்றது. இப்படியே பல நாள் போயிற்று. ஒரு நாள் முயலின் முறை வந்தது. அந்த இடத்தில் பக்கம் முடியும். குழந்தைவேலு “க்கும்” என்று ஒரு இருமல் இருமி, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்புவான். அடுத்த பக்கத்தில் முயல் வேண்டுமென்றே தாமதமாகப் போகும், வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது என்று புளுகும், கிணற்றைக் காட்டும். தன் நிழலைப் பார்த்துச் சிங்கம் உள்ளே பாயும். முயல் வீடு திரும்பும்.

அந்த இருமலும் கதையில் ஒரு பகுதி என்றுதான் ராக்காயி நினைத்திருந்தாள். சாமி கும்பிடும்போது மணி அடிப்பது மாதிரி, படிப்பு என்றால் நடுவில் ஒரு இருமல் உண்டு. அவனுக்குப் புகையிலை இருமல் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சப்பான்காரன் வந்ததும் வாத்தியாரைச் சுங்கைப்பட்டாணி டவுனுக்குக் கூப்பிட்டார்கள், சப்பான் பாஷை கற்றுக்கொள்ள. போனவர் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் கிழங்கு மூட்டை அடுக்கினார்கள். நாலு கதைப் புத்தகத்தில் மூன்று, பக்கம் பக்கமாகக் கிழிந்து புகையிலை சுருட்டப் போயிற்று. காகிதம் அவ்வளவு பஞ்சம். கங்காணி ஒருநாள் ராக்காயியிடமே வந்து கேட்டார். “கடைசிப் பக்கம் சும்மாதானே இருக்கு. ஒண்ணே ஒண்ணு குடேன் ஆயி.”

“ஒங்க வேட்டியில சுருட்டிக் குடிங்க,” என்றாள் அவள். கங்காணியிடம் அப்படிப் பேசிவிட்டு லயத்தில் யாரும் இருந்தது கிடையாது. அவள் இருந்தாள்.

சப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் பங்குனி வாக்கில் ஆள் கேட்டு உத்தரவு வந்தது. சயாமில் ரயில்பாதை போட வேண்டும், மூன்றே மாதம், அரிசிச் சோறு, கூலி, துணி. கேட்கக் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போக யாரும் முன்வரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதி ஒரு தாளோடு நின்றார். தன் பக்கத்துக்கு நியாயமாக இருக்கட்டும் என்று, லயத்தின் முதல் வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு ஆண் என முறை வைத்து எழுதினார். முதல் தடவை மூன்று பேர் போதும் என்றார்கள். ராக்காயியின் வீடு மூன்றாவது. நவமணியின் வீடு நாலாவது. அடுத்த தடவைக்கு முன்பே நவமணியின் புருஷன் பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்தில் ஒருவரின் வயற்குடிசையில் போய் ஒளிந்துகொண்டான். அதனால் நவமணி ராக்காயியின் முகத்தை நேரே பார்த்துப் பேசவே கொஞ்ச நாள் பிடித்தது.

லாரி வந்த காலையில் குழந்தைவேலு மகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். “முயலு மொறை வந்துருச்சு பாப்பா.”

“கெணத்தக் காட்டிட்டு வந்துருங்கப்பா,” என்றாள் குணவதி.

ராக்காயியிடம் அவன் சொன்னது ஒன்றுதான். “பாப்பா படிப்ப விட்டுறாத புள்ள. அவ இப்பவே என் வெரலுக்கு முன்னால சொல்லு சொல்றா, பாத்தியா? தெனமும் புத்தகத்தத் தொடட்டும். நான் கடுதாசி போடுவேன். அவதான் ஒனக்குப் படிச்சுக் காட்டணும். வேற எவன் வாசல்லயும் நீ போயி நிக்கக் கூடாது.”

லாரி போன அன்று சாயங்காலமே குணவதி டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, வாசி.”

எனக்குத் தெரியாது என்று ராக்காயி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். அதற்குள் கை புத்தகத்தைத் திறந்துவிட்டது. பிள்ளையின் விரலைப் பிடித்து, படத்துக்குக் கீழே முதல் எழுத்தில் வைத்ததும் கதை தன்னால் வந்தது. ஒரு சொல் தட்டவில்லை. பக்கத்தின் கடைசியில் “க்கும்” என்று இருமினாள். விரலை நாக்கில் தொட்டுத் திருப்பினாள். பிள்ளைக்கு அம்மா படித்தவள் ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு எப்படி இறங்குவது?

அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. மண்ணெண்ணெய் கிடையாது, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். கிழங்குக் காட்டில் எத்தனை மணிக்கு மண்வெட்டியைப் போட்டாலும் நாலரைக்குச் சாம்பல் தேய்த்துவிடுவாள். அவள் படிக்கிற அழகே தனி. முதுகை நிமிர்த்திக்கொள்வாள். குரல் ஒரு சுற்றுப் பெரிதாகும். பூச்சி அரித்த ஓட்டை ஒன்று முதல் பக்கத்தில் உண்டு. குழந்தைவேலு அந்த இடத்தில் “ம்... ம்...” என்று யோசித்துத்தான் சொல்லைச் சொல்வான். ராக்காயியும் “ம்... ம்...” என்று யோசிப்பாள். விரல் அப்போது ஓட்டைக்கு நாலு வரி தள்ளி எங்கேயோ இருக்கும். படத்துச் சிங்கத்தின் மேல் ஈ உட்கார்ந்தால் ஊதி விரட்டிவிட்டுத்தான் மேலே போவாள்.

விரல் போகிற விதம் இன்னும் விசேஷம். பதினாலு வருஷம் பால்மரம் வெட்டிய கை அது. பட்டையில் உளியை இடது மேலே வைத்தால் வலது கீழேதான் சரிய வேண்டும். சரிந்தால்தான் பால் வழிந்து மரத்தில் கட்டியிருக்கும் மங்கில் சொட்டும். நேராக இழுத்தால் வேலை மேற்பார்க்கும் தண்டல் வந்து திட்டுவார். அந்தக் கை பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தபோதும் அப்படியே சரிந்தது. இடது ஓரத்தில் முதல் வரியில் தொடங்கிய விரல், வலது ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்றாவது வரியில் இருக்கும். மறுபடி இடது, மறுபடி சரிவு. நாலைந்து சரிவில் பக்கம் தீர்ந்துவிடும். கதை தீராது. அப்போது விரலை மறுபடி நடுவே எங்காவது தூக்கி வைத்துக்கொள்வாள். அதில் ஒரு தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சரிவைக் கண்டுபிடித்தவர் கிராணி பரஞ்சோதிதான். ஒருநாள் சாயங்காலம் ஆள் கணக்குப் பார்த்துக்கொண்டு லயத்தின் வழியாக வந்தவர், மூன்றாம் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். அம்மாவும் மகளும் படிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. சயாமுக்குப் போன மூன்று வீட்டுக்கும் இரண்டு தடவை உப்பு அனுப்பியவர். ராக்காயி மட்டும் அதைத் திருப்பி அனுப்பினாள்.

“ராக்காயி, வெரல நேரா வையி. வரி நேராத்தான் ஓடும், மரம் மாதிரி சாயாது,” என்றார்.

அவள் வாய் நின்றது. தலை நிமிரவில்லை.

“தப்பா எடுத்துக்காத. பாப்பாவ சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்பி வையி. நான் எழுத்துச் சொல்லித் தர்றேன். அ, ஆவுலேருந்து தொடங்கணும். இப்படி மனப்பாடம் பண்ணா கண்ணுல எழுத்து நிக்காது. ஆறு மாசத்துல தானா படிச்சுரும் அது, சூட்டிக்கையான புள்ள.”

ராக்காயி புத்தகத்தை மூடினாள். டின்னில் வைத்தாள். மூடியை அழுத்தினாள். பிறகுதான் பேசினாள். “எம்புருசன் பேர எழுதுன கை அது. எம்மவ கையப் புடிக்க வேணாம்ங்க.”

பரஞ்சோதி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நவமணி அன்றைக்கு முழுக்கப் பொருமினாள். “அனுப்புனா என்னாக்கா? அவரு செஞ்சது செஞ்சதுதான், இல்லேங்கல. எழுத்து என்னா பாவம் பண்ணுச்சு?”

“அவ அப்பா சொல்லிக் குடுத்தது போதும் அவளுக்கு. நீதான் தெனமும் கேக்குறியே, தடங்காமப் படிக்கிறா இல்ல?”

நவமணியும் எழுத்து அறியாதவள். கேட்டாள், தடங்காமல்தான் படித்தது பிள்ளை. ஆனால் அன்று இரவு ராக்காயி சாப்பிடவில்லை. விரலைத் தரையில் நேராக இழுத்துப் பார்த்தாள், சாய்த்து இழுத்துப் பார்த்தாள். எது சரி என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. விடிந்ததும் அதை மனசிலிருந்து துடைத்துப்போட்டாள். வைராக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்தாள். அது பயம். பிள்ளையைக் கிராணியிடம் அனுப்பினால், இத்தனை நாள் வீட்டில் நடந்தது படிப்பே இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம்.

மூன்று மாதம் என்றார்கள், ஆறு மாதம் ஆயிற்று. கடுதாசி வரவில்லை. முதல் வீட்டுக்காரன் காலராவில் போய்விட்டான் என்று ஒரு பேச்சு வந்தது. இரண்டாம் வீட்டுக்காரனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. குணவதி படிப்பு முடிந்ததும் தினம் ஒரே கேள்வி கேட்பாள். “முயலு திரும்பி வந்துச்சுல்லம்மா?”

“வந்துச்சு.”

“எத்தன நாளு கழிச்சு?”

“அன்னைக்கே வந்துச்சு. புத்தகத்துல போட்டிருக்குல்ல.”

இப்போது மகள் தனியாகவே வாசிக்கத் தொடங்கியிருந்தாள். ராக்காயி எதிரே உட்கார்ந்து கேட்பாள், முன்பு புருஷன் வாசிக்கும்போது கேட்ட மாதிரி. பிள்ளையின் விரல் இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பூச்சி ஓட்டைக்கு “ம்... ம்...” என்று யோசிக்கும். முயலின் முறை வந்ததும் அந்தச் சின்னத் தொண்டையில் “க்கும்” என்று ஒரு இருமல். அதைக் கேட்கும்போதெல்லாம் ராக்காயிக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். அவர் ஒப்படைத்துவிட்டுப் போன காரியத்தை முடித்துவிட்டோம் என்று நினைப்பாள். பட்டினியில் காது அடைத்திருந்த நாட்களில்கூட அந்த ஒரு நினைப்பு அவளை நிமிர்த்தி நடக்கவைத்தது.

தை மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் மூன்று மணி வாக்கில், ரப்பர் மரக் கித்தாக்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் லயத்துப் பக்கம் வந்தான். ஆள் என்று சொல்ல அதில் எலும்புதான் மிச்சம் இருந்தது. காலில் துணி சுற்றி, துணியில் சீழ் ஊறியிருந்தது. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, “கொழந்தவேலு வீடு எது?” என்று கேட்டான்.

அவன் பெயர் பிச்சை. பாலிங் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன். சயாமில் குழந்தைவேலுவோடு ஒரே கொட்டகையில் கிடந்தவன். தப்பி ஓடி, எல்லைக் காட்டைத் தாண்டி, ஒளிந்து ஒளிந்து இரண்டு மாதமாக நடந்து வந்திருக்கிறான். நவமணி அவித்த கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. வந்த காரியத்தை முதலில் முடித்துவிட நினைத்தான்.

“தங்கச்சி, நான் சுத்தி வளைச்சு சொல்லல. நல்ல மழ. கொட்டாயி பூரா வாந்திபேதி. கொழந்தவேலு அண்ணனுக்கும் கண்டுச்சு. நாலு நாளு கெடந்தாரு. நான்தான் கூட இருந்தேன். மூங்கில அடுக்கி நாங்களேதான் எரிச்சோம்.”

ராக்காயி அழவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். பிச்சை இடுப்பு மடிப்பிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தான். சாமான் சுற்றி வந்த பழுப்புத் தாள்.

“மொத நாளே எழுதிட்டாரு, கையில தெம்பு இருக்கும்போதே. என்னா எழுதினாருன்னு எனக்குத் தெரியாது, எனக்கு எழுத்து கெடையாது. ஒண்ணு மட்டும் சொன்னாரு. இத எவன்கிட்டயும் குடுக்காத, எம்மவ படிப்பா, அவளே அவ ஆத்தாளுக்குப் படிச்சுக் காட்டட்டும்னாரு. சொல்லும்போது அப்படி ஒரு சந்தோசம் தங்கச்சி, அந்த மொகத்துல.”

ராக்காயி தாளை உடனே வாங்கவில்லை. எழுந்து குழாயடிக்குப் போனாள். சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரல் விரலாக. நவமணி பின்னாலேயே வந்து, “அக்கா, அக்கா,” என்றாள். ராக்காயி கையை மோந்து பார்த்தாள். மறுபடியும் சாம்பலைத் தொட்டாள். பிறகு கையை நீட்டிக்கொண்டே நடந்து வந்து தாளை வாங்கி விரித்தாள். ஒரு பக்கம் மட்டும் பென்சில் எழுத்து. ஆறேழு வரி. அதற்குக் கீழே வெறும் தாள்.

“பாப்பா, வா. அப்பா கடுதாசி.”

குணவதி சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அப்பா செத்துப்போனது அவள் காதில் விழுந்திருந்தது, மனசுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. விரலை இடது ஓரத்தில், மேலே முதல் எழுத்தில் வைத்தாள்.

“ஒரு பெரிய காடு. அந்தக் காட்டில் ஒரு சிங்கம் இருந்தது.”

நவமணி வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். “அந்தக் கதையவே எழுதிட்டாரே மனுசன். சாவும்போதும் புள்ளைக்குக் கதைய எழுதிட்டாரே.”

ராக்காயியின் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. ஆமாம், அப்படித்தான் எழுதுவார். முதலில் பிள்ளைக்குக் கதை. பிறகு எனக்கு ஏதாவது இருக்கும். ஒரு வரி இருந்தால் போதும். அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். பிச்சையும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“பசித்தாலும் கொல்லும். பசிக்காவிட்டாலும் கொல்லும்.” விரல் சரிந்து வலது ஓரத்துக்குப் போயிற்று. மறுபடி இடது. “மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசின.” இன்னொரு சரிவு. குரல் தெளிவாக இருந்தது, ஒரு சொல் தட்டவில்லை.

மூன்றாவது சரிவில் எழுத்து தீர்ந்துவிட்டது. விரல் தீரவில்லை. அது கடைசி வரியைத் தாண்டி, ஒன்றும் எழுதாத பழுப்புத் தாளில் இறங்கி, வலது ஓரத்துக்குச் சரிந்து போனது.

“நாளைக்கு ஒருவராக நாங்களே வருகிறோம், முறை வைத்து வருகிறோம் என்றன.”

ராக்காயி அந்த விரலைப் பார்த்தாள். எழுத்து தெரியாதவளுக்கும் வெறும் தாள் வெறும் தாள்தான். விரல் மறுபடி இடது ஓரத்துக்குப் போய், வெறும் தாளில் மறுபடி சரிந்தது. ஓட்டையே இல்லாத இடத்தில் பிள்ளை நின்று, “ம்... ம்...” என்று யோசித்தது. பிறகு மேலே படித்தது.

நவமணியின் தேம்பல் நின்றுவிட்டது. அவளும் பார்த்துவிட்டாள். ராக்காயியின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். “கிராணி வூட்ல இருப்பாருக்கா. நான் வேணா கொண்டுபோயி...”

ராக்காயியின் கண் தாளிலேயே இருந்தது. ஒன்பது மாதத்து நாலரை மணிகள் அத்தனையும் அந்த வெறும் தாளில் கிடந்தன. வாசலில் வந்து நின்று கூப்பிட்ட கிராணியைத் துரத்திய வாய் அவள் வாய்தான். புருஷன் கடைசியாகச் சொன்னது இதோ கைக்கெட்டும் தூரத்தில் ஆறேழு வரியாக இருக்கிறது. எவன் வாசலிலும் போய் நிற்காதே என்றவரும் அவர்தான்.

“இப்படியே பல நாள் போயிற்று. ஒரு நாள் முயலின் முறை வந்தது.”

குணவதி “க்கும்” என்று இருமினாள். இருமிவிட்டு, அம்மா பக்கத்தைத் திருப்புவதற்காக நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள்.

ராக்காயி தாளைத் திருப்பவில்லை. மகளின் விரலைப் பிடித்து வெறும் தாளிலிருந்து தூக்கினாள். முதல் வரிக்குக் கொண்டுபோய் முதல் எழுத்தின் மேல் வைத்தாள். இந்தத் தடவை கையைச் சாயவிடாமல், அந்த வரியின் கடைசி எழுத்து வரைக்கும் நேராக இழுத்துக்கொண்டு போனாள். அந்த எழுத்துகளுக்குச் சொல்ல வாயில் ஒரு சொல் இல்லை. அது முடிந்ததும் இரண்டாவது வரிக்கு எடுத்துப்போய் வைத்தாள்.